எந்தக் கடவில் இறங்குவது? – சிங்கப்பூர் ருத்ரா குழுவின் இசைத்தொகுப்புகள்

நெய்யாற்றின் கரையில் வாழும் நமக்குக் கடவு என்னும் சொல்லின் அருமை தெரியும். ஆறு ஒன்றுதான்; நீரும் ஒன்றுதான். ஆயினும் நினைத்த இடத்தில் இறங்க இயலாது. ஓரிடத்தில் பாறை, ஓரிடத்தில் சுழி, ஓரிடத்தில் சேறு. ஊரார் காலங்காலமாக இறங்கிப் பழகிய இடமே கடவு. பேரிலக்கியங்களுக்கும் இது பொருந்தும். கம்பனைக் கற்க வருபவனை ஆற்றுப்படலத்தில் தொடங்கி வரிசையாக நடத்திச் செல்லும் ஆசிரியர் உண்டு. நேரே குகப்படலத்துக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரும் உண்டு. பின்னவரிடம் பயின்றவர்களே கம்பனைக் கடைசிவரை விடாது பற்றிக்கொள்கின்றனர் என்பது நம் எண்ணம்.

இதே வினாவை ஒரு ஹெவி மெட்டல் இசைக்குழுவின்மேல் எழுப்புவது, இலக்கியக் கட்டுரைகளை எதிர்பார்த்து இம்மலரைப் பிரித்த அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். வீட்டு மாடியறையில் பேரனோ மகனோ காதில் ஒலிவாங்கி மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதைக் கண்டு, 'இதுவும் ஓர் இசையா?' என்று முகம் சுளித்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்காகவும், அந்தப் பேரனுக்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறோம். ஏனெனில் நாம் எடுத்துக்கொண்ட குழு தமிழர்களால் தோற்றுவிக்கப்பட்டது. அது பாடும் பொருளோ உபநிடதம்.

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு தோன்றிய அக்குழுவின் பெயர் ருத்ரா. குரலும் அடித்தொனிக் கிதாரும் கதிர் என்பவருடையவை. முழவுகள் சிவா என்பவருடையவை. கிதார் வாசிப்போர் காலத்துக்குக் காலம் மாறினர். இவ்விருவரும் நிலைத்து நின்றனர். இடையில் ஒருமுறை குழு கலைந்து மீண்டும் கூடியது. முதல் முழுத்தொகுப்பு 1998இல் வெளிவந்தது. அது முதல் 2022 வரை முழுநீளத் தொகுப்புகள் ஒன்பது. இக்குழு தன் இசைக்கு இட்டுக்கொண்ட பெயர் 'வேதிக் மெட்டல்'. ஒரு பொதுக் காதலும் ஒரு திரைப்பாட்டும் இல்லாமல், வேதாந்தத்தையே பொருளாகக் கொண்டு ஒரு குழு முப்பது ஆண்டுகள் நிலைத்திருப்பது எந்த நாட்டிலும் எளிய செயலன்று. புதிதாகக் கேட்க வருபவர் இந்த ஒன்பதில் எதை முதலில் எடுப்பது என்பதே இங்கு நாம் ஆராய விழையும் பொருள்.

அதற்குமுன் ஹெவி மெட்டல் என்னும் இசைவகையைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இதன் பிறப்பிடம் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், தொழிற்சாலைகளின் ஊர். அங்கே தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வேலை பார்த்த டோனி அயோமி என்னும் இளைஞர், பதினேழு வயதில் எந்திரத்தில் கை சிக்கி இரு விரல்களின் நுனிகளை இழந்தார். இடக்கை வாசிப்பாளராகிய அவருக்குக் கிதாரின் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே அவை. விரல்நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர்ச் சுருதியையும் இறக்கினார். அவர் பங்குகொண்ட பிளாக் சாபத் குழுவின் முதல் தொகுப்பு 1970இல் வெளிவந்தபோது, அதுவரை கேளாத ஒரு கனத்த, இருண்ட நாதம் உலகுக்குக் கிட்டியது. உலோகத்தால் காயம்பட்ட விரல்களிலிருந்து உலோகத்தின் பெயர்கொண்ட இசை பிறந்தது விந்தையே.

அத்தொகுப்பின் முதற்பாட்டு ஷட்ஜத்தில் நின்று பிரதி மத்தியமத்துக்குத் தாவுகிறது. மேலைநாட்டார் அந்தத் தாவலைச் சாத்தானின் இடைவெளி என்று ஒருகாலத்தில் பெயரிட்டு அஞ்சினர். நமக்கு அதில் அஞ்ச ஒன்றுமில்லை. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களில் சரிபாதி, முப்பத்தாறு மேளங்கள், அந்தப் பிரதி மத்தியமத்தை உடையவை. மாலை வேளையில் கோயிலில் நாதசுரக்காரர் கல்யாணியை விரிக்கும்போதும், பந்துவராளியில் உருகும்போதும் அதே சுரத்தில்தான் நின்று நின்று வருகிறார். இக்கிதார்கள் வாசிக்கும் கனத்த கூட்டொலியும் நமக்குப் புதிதன்று. அது பெரும்பாலும் ஷட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்த ஒலியே. தம்புராவின் தந்திகள் நாளெல்லாம் சொல்வது அதைத்தான். வேறுபாடு, மின்பெருக்கியில் அந்த ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்து சொல்வதில் இருக்கிறது.

ஆகவே காது கூசுவதற்கு உண்மையான காரணம் சுரமன்று, குரல். ருத்ரா குழு சார்ந்த 'டெத் மெட்டல்' என்னும் கிளையில் பாடகர் பாடுவதில்லை, உறுமுகிறார். அடிவயிற்றிலிருந்து எழும் அந்த ஒலியில் சொல் தெளிவாகக் கேளாது. 'இதைச் சங்கீதம் என்று எப்படி ஏற்பது?' என்னும் வினா நியாயமானதே. ஆயின் கேரளத்து மண்ணில் நிற்கும் நாம் அவ்வினாவைக் கேட்குமுன் நம் சுற்றுப்புறத்தைச் சிறிது நோக்க வேண்டும். கதகளியில் பாட்டுக்குரியவர் பின்னால் நின்று பாடுகிறார். கத்தி வேடமும் தாடி வேடமும் அலறுகின்றன. முடியேற்றில் காளி தாரிகனைத் தேடி வருகையில் பாடிக்கொண்டா வருகிறாள்? தெற்கே கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கங்களில் சுடலைமாடன் கொடையில் மகுடம் முழங்கும்போது கணியான் எழுப்பும் குரலை இனிமை என்னும் அளவுகோலால் எவரும் அளப்பதில்லை. சினமும் அச்சமும் தெய்வ ஆவேசமும் தேன்குரலில் வந்தால் அவை பொய்யாகும் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். 'டெத் மெட்டல்' உறுமலும் அவ்வகைக் குரலே. அது ஒரு முகமூடி, வேடத்தின் குரல்.

குழுவின் பெயரும் இங்கே துணைசெய்கிறது. உருத்திரன் என்னும் சொல்லை அழுதல், அலறுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வருவிப்பது மரபு. யசுர்வேதத்துத் திருவுருத்திரத்தை ஓதக் கேட்டவர் ஒன்றைக் கவனித்திருப்பர்: அதில் சுரங்கள் மிகச் சில. ஏறியும் இறங்கியும் இடைநின்றும் வரும் மூன்று நிலைகளுக்குள் முழுவதும் அடங்கிவிடுகிறது. அதன் ஆற்றல் பண்ணில் இல்லை. மீண்டும் மீண்டும் வந்து மோதும் அடுக்கிலும் மூச்சின் நீளத்திலும் இருக்கிறது. மெட்டல் இசையின் கிதார் அடுக்குகளும் அவ்வாறே இயங்குகின்றன: சில சுரங்கள், சலியாத மறிவரவு, பின்னால் இடையறாத முழக்கம். ஓதலையும் கிதாரையும் இணைத்தது வெறும் புதுமை நாட்டத்தால் அன்று, இரண்டுக்கும் உள்ளே ஓர் உறவு இருந்தது என்று கொள்ள இது இடந்தருகிறது.

இனித் தொகுப்புகளுக்கு வருவோம்.

வரிசைப்படி கேட்போம் என்பவர் 1998இல் குழுவின் பெயரையே தாங்கி வந்த முதல் தொகுப்பை எடுப்பர். அதை நாம் பரிந்துரைக்கவில்லை. இளைஞர் கைக்கிட்டிய கருவியையும் காதில் விழுந்த மேலைநாட்டு முன்மாதிரியையும் கொண்டு தம் வழியைத் தேடும் காலம் அது. வேகம் இருக்கிறது, துணிவு இருக்கிறது, தம்முடையது என்று சொல்லத்தக்க குரல் இன்னும் முழுமையாகப் பிறக்கவில்லை. ஒரு புலவனின் இளமைப்பாக்களை அவன் பெருநூலைப் படித்தபின் படித்தால் அவற்றின் அழகு தெரியும். முன்னே படித்தால் குறை மட்டுமே தெரியும்.

அடுத்தது 2001இல் வந்த 'தி ஆரியன் குருசேடு'. இங்கே தமிழ் வாசகர் தலைப்பிலேயே நின்றுவிடுவார். நின்றால் அது அவர் குற்றமன்று. வடமொழியில் ஆரியம் என்பது மேன்மையைக் குறிக்கும் சொல் என்பதை அறிவோம். ஆனால் ஒரு சொல்லுக்கு அகராதி மட்டும் வீடன்று. அது வாழ்ந்த வரலாறும் வீடுதான். ஐரோப்பாவில் அச்சொல்லைக் கொண்டு செய்யப்பட்ட கொடுமை ஒருபுறம். தமிழ்நாட்டில் ஒரு நூற்றாண்டாக அச்சொல்லைச் சுற்றி எழுந்த போராட்டம் மறுபுறம். இவ்விரண்டையும் கடந்து ஒரு தமிழ்க் குழு அந்தச் சொல்லைத் தன் தொகுப்பின் நெற்றியில் எழுதும்போது, அதைப் பழம்பொருளில் மட்டும் படிக்க வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த இயலாது. அதனோடு, சிலுவைப்போரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தது இன்னும் பொருந்தாத செயல். தலைப்பு தவறானது என்பதே நம் கருத்து. இசை அத்தலைப்பினும் மேலானது. ஆயினும் முதற்படியிலேயே வழக்காட நேருமிடம் கடவாகாது.

2003இல் வந்த 'குருக்ஷேத்ரா' வேறு வகை. பாரதமும் கீதையும் நம் வீடுகளில் தெரிந்த கதைகள். எதிர்நிற்கும் இரு படைகள், நடுவே தேர், கையிலிருந்து நழுவும் வில் என்று சொல்லிவிட்டால் பின்னால் முழங்கும் போர்ப்பறைக்குப் பொருள் தானே விளங்கிவிடும். இதைக் கொண்டு தொடங்கலாம் என்று கருதுவோர் பலர். அக்கருத்தில் நியாயம் உண்டு. மெட்டல் இசைக்குப் போர் என்றும் உகந்த பொருள். மேலைநாட்டுக் குழுக்கள் எத்தனையோ போர்களைப் பாடியுள்ளன. ஆயின் இடர்ப்பாடும் அதிலேயே இருக்கிறது. இதில் தொடங்குபவர், வேகமான முழக்கத்துக்குப் போர்க்கதை பொருந்திற்று என்ற அளவில் நிறைவடைந்து நின்றுவிடக்கூடும். இக்குழு செய்த உண்மையான செயல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

ஆகவே 2005இல் வந்த 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் ஐ' என்னும் நான்காம் தொகுப்பில் இறங்குங்கள் என்பது நம் துணிபு. காரணம் அதன் பெயரிலேயே இருக்கிறது. ஈற்றில் நிற்கும் 'ஐ' என்னும் ஆங்கில எழுத்தைப் பலர் உரோமன் எண்ணாகக் கருதி, இது முதற்பாகம் என்றும் இரண்டாம் பாகம் எங்கே என்றும் தேடுவதுண்டு. அடுத்து 2009இல் வந்தது 'பிரம்மவித்யா: டிரான்செண்டெண்டல் ஐ', 2011இல் வந்தது 'பிரம்மவித்யா: இம்மார்ட்டல் ஐ'. மூன்றிலும் அதே எழுத்து. எண்ணாயின் மூன்றும் முதற்பாகமாக இருக்க முடியாதே! அந்த எழுத்து 'நான்' என்னும் சொல். ஆதியாகிய நான், கடந்து நிற்கும் நான், இறவாத நான். திருவண்ணாமலை இரமண முனிவர் 'நான் யார்?' என்று தமிழில் கேட்ட கேள்வியை இங்கே மூன்று தலைப்புகளின் ஈற்றெழுத்து கேட்டுக்கொண்டிருக்கிறது.

இத்தொகுப்பில் கதை இல்லை. தேர் இல்லை, வில் இல்லை, படை இல்லை. துன்பம் ஏன், அறியாமை யாருக்கு, காண்பவன் யார் என்னும் விசாரணை மட்டுமே இருக்கிறது. இத்தகைய பொருளுக்கு வீணையும் குழலும்தானே பொருந்தும், வெடிபோன்ற முழக்கம் எங்ஙனம் பொருந்தும் என்று கேட்கலாம். அமைதியைப் பாட அமைதியான இசை வேண்டும் என்பது பழகிப்போன எண்ணம். உபநிடதமோ அமைதியில் தொடங்குவதில்லை. கடோபநிடதத்தில் ஒரு சிறுவன் மரணத்தின் வாயிலில் மூன்று இரவுகள் உண்ணாது காத்துக்கிடக்கிறான், மரணதேவன் செல்வத்தையும் நீண்ட ஆயுளையும் காட்டி மயக்க முயல்கிறான், அவன் மறுக்கிறான். அந்த மறுப்பின் வன்மையைத் தாலாட்டுப்போல் பாட முடியுமா? 'இதுவன்று, இதுவன்று' என்று ஒவ்வொன்றாகத் தள்ளிச் செல்லும் வேதாந்த முறையில் ஓர் அழிப்பு இருக்கிறது. உறுமும் குரலுக்கும் உடைக்கும் முழவுக்கும் அங்கே வேலை உண்டு. குழு அதைக் கண்டுகொண்டது 2005இல்தான் என்பது நம் மதிப்பீடு. அதற்குமுன் இந்தியப் பொருளை மெட்டல் இசையில் வைத்துப் பாடினர். இதிலிருந்து அந்த இசையே விசாரணையின் உருவமாயிற்று.

கேட்கும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதல்முறை பொருளைத் தேட வேண்டா. முழவை மட்டும் பின்பற்றுங்கள். இரு கால்களாலும் இரு மிதிகளை மாறிமாறி அழுத்தி எழுப்பும் அடித்தொனி முழக்கத்தை, செண்டைமேளத்தின் கடைசிக் காலத்தைக் கேட்ட காதால் கேட்டால் மிரட்சி நீங்கும். இரண்டாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வரிகளின்றி உறுமலிலிருந்து சொல்லைப் பிரித்தெடுக்க இளைஞராலும் இயலாது. மூன்றாம் முறை, கிதார் ஓய்ந்து மறையோதல் எழும் இடங்களில் செவியை நிறுத்துங்கள். ஆங்கிலத்தில் உறுமிய வினாவுக்கு வடமொழியில் ஓதல் விடையாக வரும் அந்த மாற்றமே இக்குழுவின் இலக்கண முத்திரை.

இங்கே நெடுநாளாக நம் நெஞ்சில் உள்ள ஒரு குறையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. ஆங்கிலம் இருக்கிறது, வடமொழி இருக்கிறது, தமிழ் எங்கே? தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாட்டில் பிறந்த தமிழர்கள், தம் ஆழ்ந்த எண்ணத்தை இசைக்கும்போது பெரும்பாலும் மற்ற இரு மொழிகளையே எடுப்பது ஏன்? அத்வைதம் பேசத் தமிழில் நூல் இல்லையா? தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதம் இருக்கிறது. திருமந்திரம் இருக்கிறது. அனைத்துக்கும் மேலாகச் சிவவாக்கியர் இருக்கிறார். சம்மட்டி அடிபோல் விழும் அவருடைய சந்தத்தைக் கேட்ட எவருக்கும், இரட்டை மிதி முழவுக்கென்றே அமைந்த யாப்பு இது என்று தோன்றாமல் போகாது. சடங்கையும் போலியையும் அவர் சாடும் சீற்றம் எந்த மெட்டல் குழுவின் சீற்றத்துக்கும் குறைந்ததன்று. அருணகிரியாரின் வண்ணங்களையும் சேர்த்தால் ஒரு குழுவுக்கு ஐம்பது ஆண்டுகளுக்குப் போதிய பொருள் நம்மிடம் இருக்கிறது. திருவனந்தபுரத்து அவியல் குழு மலையாள நாட்டுப்பாடல் மரபை ராக் இசையில் ஏற்றி 2008இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதைக் கேட்ட மலையாள இளைஞன் தன் பாட்டியின் மொழி மின்கிதாரோடு கைகோத்து வருவதைக் கண்டான். அத்தகைய பேறு நம் பிள்ளைகளுக்கு ருத்ராவின் வழியே இன்னும் வாய்க்கவில்லை.

இக்குறையை முறையீடாக எழுதி நிறுத்திவிடலாம். ஆனால் எல்லைப்புறத்தில் வாழும் நம்மால் அவ்வாறு எளிதில் தீர்ப்புக் கூற முடிவதில்லை. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுக்காக்கள் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றங்கரை இப்பால் நின்றது. அன்று முதல் செங்கலிலும் பாறசாலையிலும் வாழும் தமிழர் வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, அலுவலுக்கு ஒரு மொழி, வழிபாட்டுக்கு ஒரு மொழி என்று பழகிவிட்டோம். சிங்கப்பூரில் 1987 முதல் பள்ளிகள் யாவற்றிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ் ஒரு பாடமாக நின்றது. அங்கே வளர்ந்த ஒருவனுக்குச் சினமும் ஐயமும் ஆங்கிலத்தில் எழுவது இயல்பு. நம் பிள்ளைகளுக்கு வசை மலையாளத்தில் வருவதில்லையா? சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜின் டைரியநாதன் இக்குழுவைப் பற்றி 2009இல் எழுதிய ஆய்வுரையே, வேதிக் மெட்டலையும் அந்நாட்டுத் தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் ஒருங்கே வைத்து ஆராய்கிறது. இது வெறும் இசைக் கேள்வியன்று என்பதை அறிஞர்களும் உணர்ந்துள்ளனர்.

மேலும், நம் ஆற்றங்கரையிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நெய்யாற்றின் கரையில் அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவலிங்கம் நிறுவிய நாராயண குரு, ஆத்மோபதேச சதகத்தை மலையாளத்தில் எழுதினார். தரிசனமாலையை வடமொழியில் எழுதினார். தேவாரப் பதிகங்களைத் தமிழில் எழுதினார். மூன்றும் ஒரே உள்ளத்தின் மொழிகள். யாரிடம் பேசுகிறோம் என்பதே மொழியைத் தீர்மானித்தது. அதனினும் முதன்மையான செய்தி ஒன்று: அருவிப்புறத்தில் எழுந்த கேள்வி, தெய்வத்தை நிறுவ உரிமை யாருக்கு என்பது. பிறப்பால் அந்த உரிமை மறுக்கப்பட்டவர் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து நிறுவிக் காட்டினார். வேதமொழியை யார் ஓதலாம், எவ்விடத்தில் ஓதலாம், எந்தக் கருவியோடு ஓதலாம் என்னும் வரையறைகள் நெடுங்காலம் காவலில் இருந்தன. கறுப்புச் சட்டையணிந்த இளைஞர் மின்கிதாரைத் தோளில் மாட்டி, மதுவிடுதி மேடையிலோ திறந்த அரங்கிலோ உபநிடத வாக்கியத்தை முழங்கும்போது அந்தக் காவலைக் கேளாமலே கடந்துவிடுகின்றனர். ஓதலின் சுரம் வழுவுகிறது என்று வைதிகர் குறைகூறலாம். அது இலக்கணக் குறை. உரிமை இல்லை என்று கூறுவாராயின், அருவிப்புறத்துக்குச் சென்று வரட்டும் என்று அனுப்பிவைப்போம். தமிழ் இல்லை என்ற நம் குறை நீங்கவில்லை. ஆனால் அக்குறையைக் கொண்டு இக்குழுவை நமதன்று என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

'தி ஆரியன் குருசேடி'ல் தொடங்கக் கூடாது, 2005இல் தொடங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். முன்னதில் இறங்குபவர் 'நாம் யார், அவர்கள் யார்' என்று கேட்டுக் கரையிலேயே நின்றுவிடுவார். பின்னதில் இறங்குபவரிடம் 'நான் யார்' என்று அந்தத் தொகுப்பே கேட்கிறது.

அதிலிருந்து நேரே 2009க்கும் 2011க்கும் செல்லலாம். உபநிடதம், கீதை, பிரம்மசூத்திரம் என்னும் பிரஸ்தான திரயத்தை நினைவில் வைத்துக்கொண்டு இம்மூன்று தொகுப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டால் வழி இன்னும் தெளிவாகிறது என்பது நம் பட்டறிவு. மூன்றனுள் 'டிரான்செண்டெண்டல் ஐ' செவிக்கு மிக நிறைவானது. கிதார்களுக்குள் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. 'இம்மார்ட்டல் ஐ' செறிவு மிக்கது. உரையின்றிச் சூத்திரம் படிப்பது போன்றது. முதல் இரண்டில் தோய்ந்தவர்க்கே அது வசப்படும். ஒரே ஒரு பாட்டைக் கேட்டு முடிவுசெய்ய விரும்பும் அவசரக்காரர் 'ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்' என்னும் பாட்டை எடுக்கலாம், எரியும் தேர் என்று தலைப்பே கீதையைச் சுட்டிவிடுகிறது, காணொளியும் உண்டு. அதையும் கேட்டு, இது நமக்கு வேண்டா என்று சொல்பவரோடு வழக்கில்லை.

மூன்றும் முடிந்தபின் 'குருக்ஷேத்ரா'வுக்குத் திரும்பிவருவது நன்று. முன்னர்ப் போர்க்கதையாக மட்டும் கேட்டிருக்கக்கூடியது, இப்போது வில் நழுவியவனின் கேள்வியாகக் கேட்கும். 2013இல் வந்த 'ரிதா' இருக்குவேதத்து உலக ஒழுங்கைப் பெயராகக் கொண்டது. நல்ல தொகுப்பு, ஆயினும் முத்தொகுப்பை முடித்தவர் சற்று இளைப்பாறிய நடை அதில் தெரிகிறது. அதனினும் மேலானது 2016இல் வந்த 'எனிமி ஆஃப் டுவாலிட்டி'. இருமையின் பகை என்று தமிழில் சொல்லலாம். மாண்டூக்கியத்துக்குக் காரிகை எழுதிய கௌடபாதரின் பிடிவாதத்தை அப்பெயர் நினைவூட்டுகிறது. கால்நூற்றாண்டை நெருங்கும் ஒரு குழு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தவரை அது ஏமாற்றியது. 2022இன் 'எயிட் மகாவித்யாஸ்' பொறுமையுடையோர்க்கு உரியது. அவசரமாகக் கேட்டு அளவிட வேண்டா.

ஒப்புநோக்க விரும்புவோர்க்கு அருகிலேயே பொருள் இருக்கிறது. கொச்சியில் 1977இல் தோன்றிய தேர்ட்டீன் ஏ.டி. குழு மேலைநாட்டு ராக் இசையை அந்நாட்டார்க்கு இணையாக வாசித்துக் காட்டியது. அதில் நம் மண் கேட்காது. அதே கொச்சியில் 1996இல் எழுந்த மதர்ஜேன் குழு 2008இல் வெளியிட்ட 'மக்தூப்' தொகுப்பில் பைஜு தர்மஜனின் கிதார் கருநாடக இசையின் கமகங்களைப் பேசுகிறது. மதர்ஜேன் இராகத்தை எடுத்தது. ருத்ரா ஓதலை எடுத்தது. இசையறிஞர் முன்னதையே விரும்புவர். மறையின் பொருளை நாடுபவர் பின்னதில் நிற்பர். இரண்டையும் ஒரே மாலையில் கேட்டால், ஒரு மரபிலிருந்து எதைக் கடன் வாங்குவது என்பதில் எத்தனை வழிகள் உள்ளன என்பது புலனாகும்.

செங்கல் மகேஸ்வரம் சிவபார்வதி கோயிலில் 2019இல் திறந்துவைக்கப்பட்ட 111.2 அடி உயரச் சிவலிங்கத்தைக் காண வெளியூரிலிருந்து வரும் இளைஞர் பலர். அவர்களுள் சிலர் காதில் ஒலிவாங்கியோடே வாயில்வரை வருகின்றனர். அதில் என்ன ஒலிக்கிறது என்று நம் பெரியோர் ஒருமுறை வாங்கிக் கேட்டுப் பார்க்கலாம். ருத்ரா என்று விடை வந்தால், எந்தத் தொகுப்பு என்று அடுத்துக் கேளுங்கள். 2005 என்றால் நல்ல கடவில் இறங்கியிருக்கிறான். 1998இன் முதல் தொகுப்பு என்றால், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மற்ற எட்டையும் கேட்டபின் அந்த இளமைக் குரலுக்குத் திரும்பினால், பின்னால் வரவிருந்தவற்றின் விதைகள் எங்கெங்கே கிடக்கின்றன என்பதை அவனே எடுத்துக்காட்டுவான்.